எஸ்ஸுக்குப் பின்னால் வைத்த கொக்கி

ஒன்பது மணி டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்த நிம்மதி மங்கையர்க்கரசிக்கு இரண்டு நிறுத்தம்கூட நீடிக்கவில்லை. படிக்கட்டுப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி நின்றாள். ரெட்டைச் சடை, ஒன்றில் ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. கண்டக்டர் கூட்டத்துக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். "படிக்கிட்ட நிக்கிற பாப்பா யாருதுங்க? உள்ள கூப்புடுங்கொ." முன் சீட்டுப் பெண் மடியிலிருந்த தூக்குவாளியை இறக்காமலே திரும்பி, "என்ற புள்ளைங்க," என்றாள். அவ்வளவுதான் நடந்தது. மங்கையின் கண் தானாக இன்னொரு பிள்ளையைத் தேடியது. புள்ளைங்க என்றாளே, இரண்டாவது எங்காவது கால்களுக்கு நடுவில் நசுங்கிக்கொண்டு நிற்கும். இல்லை. ஒரே பிள்ளை. இதில் திகைக்க என்ன இருக்கிறது, இந்த ஊருக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது, பால்காரர் பாலுங்க என்கிறார், மருந்துக்கடைக்காரர் மாத்திரைங்க என்று ஒற்றை மாத்திரையைக் கையில் வைக்கிறார், வீட்டுக்காரர் செத்துப்போன தன் அப்பாவின் படத்தைக் காட்டி எங்கய்யனுங்க என்றார், ஒருவருக்கு எத்தனை அப்பா இருக்க முடியும். கேட்பவருக்குக் கொடுக்கும் மரியாதையை இவர்கள் எந்தச் சொல்லின் வாலில் வேண்டுமானாலும் கட்டிவிடுவார்கள் என்று குத்தாலத்தில் இருக்கும் கணவனிடம் போனில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். நம் பக்கம் புள்ளைங்க என்றால் குறைந்தது இரண்டு, இங்கே ஒன்றுதான், கூடவே ஒரு கும்பிடும். சிரித்த வாய் அது. இப்போது அந்த வாய் உலர்ந்துபோயிற்று, ஏனென்றால் புள்ளைங்க என்ற சொல்லுக்குப் பின்னாலேயே, யாரோ கையைப் பிடித்து இழுத்து வந்ததைப்போல, பையனுங்க என்ற சொல் வந்து நின்றது.

மொதலாளி பையனுங்க சத்தந்தானுங்க கேட்டுச்சு. தேங்காய்க் களத்தில் கொப்பரை வாருகிற பாவாத்தாள் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னது. மங்கை அந்தக் கூண்டில் அவளைப் பார்த்ததில்லை. மாவட்டக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இவள் வந்து சேர்ந்தபோது வழக்கு முடிந்து தீர்ப்பும் ஆகியிருந்தது, எல்லாம் காகிதமாகத்தான் வந்தது, சிவப்பு நாடா கட்டிய நூற்று நாற்பது பக்கம். லாரி டிரைவர் ஆறுச்சாமி. களத்தில் கொப்பரைக்குக் கந்தகப் புகை போடுகிறார்கள் என்று அதிகாரிகளிடம் சொல்லிவிட்டான் என்பதுதான் அவன்மேல் இருந்த கோபம். ஒரு மத்தியானம் களத்துக் குடோனுக்குள் அவனை அடித்தார்கள், சாயங்காலம் ஆஸ்பத்திரியில் செத்தான். முதலாளிக்கு இரண்டு பையன்கள். பெரியவன் தரணீதரன், சின்னவன் கிருபாகரன், இரண்டு பேர் மேலும் வழக்கு. குடோனுக்குள் நடந்ததைக் கண்ணால் கண்டவர் கிடையாது. பாவாத்தாள் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் தேங்காய் ஓடு பொறுக்கிக்கொண்டிருந்தாள், அவளுக்குக் குரல்தான் கேட்டது. இங்கிருந்த ஜட்ஜு அவளைக் காதால் கேட்டார், பெரியவனுக்கு ஆயுள் போட்டார், சின்னவனை விடுதலை செய்தார். ஒரு குரல். ஒரே ஒரு குரல் என்றுதானே அவர் காதில் விழுந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏன் விட்டார். இதை அன்றைக்கே யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அன்றைக்கு யோசனை வேறெங்கோ இருந்தது, எங்கே இருந்தது என்றும் அவளுக்குத் தெரியும், அதை நினைக்கத்தான் பிடிக்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஒரு களம் போயிற்று, சிமெண்டுத் தரை முழுக்க உடைத்த தேங்காய்கள் வாயைத் திறந்து மல்லாந்து கிடந்தன, இனிப்பும் காறலும் கலந்த எண்ணெய் வாடை பஸ்ஸுக்குள் வந்து போயிற்று. மடியில் டிபன் டப்பா சுட்டது.

வேறெங்கே, அந்தக் கொக்கியில்தான், இங்கிலீஷில் அப்பாஸ்ட்ரஃபி என்கிறார்களே அதில்தான் இருந்தது. பெரியவன் மேல் கோர்ட்டுக்கு அப்பீல் போனான், அதற்காகச் சாட்சியம் முழுக்க இங்கிலீஷில் போக வேண்டும், சேர்ந்து மூன்றாவது வாரம், முதல் பெரிய வேலை. மற்றப் பக்கமெல்லாம் ஜட்ஜு சொல்லச் சொல்ல நல்ல தமிழில் எழுதப்பட்டிருந்தது, இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டுக்கொண்டபடி அவள் சொன்ன மாதிரியே மேற்கோளுக்குள் போட்டிருந்தார்கள். மங்கைக்கு இலாகாப் பரீட்சையில் அந்தப் பகுதியில் நூற்றுக்கு நூறு. பொருளுக்குச் சொந்தக்காரர் ஒருவர் என்றால் எஸ்ஸுக்கு முன்னால் கொக்கி, பலர் என்றால் எஸ்ஸுக்குப் பின்னால், பன்மையிலேயே எஸ் வராத சொல்லாக இருந்தால் மறுபடியும் முன்னால், men's, children's. ரயிலில் போகிறவர் வருகிறவர் எல்லாம் விளம்பரப் பலகையைப் பார்த்தால் இவள் கொக்கியைப் பார்ப்பாள், லேடீஸ் ஹாஸ்டல், பாய்ஸ் ஸ்கூல், எத்தனை ஊரில் எத்தனை பலகை, ஒன்றிலாவது சரியாக இருக்கிறதா. அப்படிப்பட்டவளுக்கு முதலாளி பையனுங்க சத்தம் கிடைத்தது. முதலாளி ஒருவர், கொக்கி முன்னால். பையன்கள் இருவர், கொக்கி பின்னால். அடுத்தடுத்து இரண்டு வார்த்தை, ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், இரண்டும் சரி, the owner's sons' voices. தட்டச்சு செய்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து அதை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தாள். புதுப் புடவையைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலப் பார்த்தாள். voices. அதுதான், அந்தக் கடைசி எஸ்தான். சத்தம் என்றுதானே இருந்தது, சத்தங்கள் என்று இல்லையே. பையன்கள் இருவர் என்று இவளாக முடிவு கட்டியதால் குரலும் இரண்டாக இருக்க வேண்டும் என்று இவளே ஒரு எஸ் சேர்த்தாள், ஒழுங்குக்காக, பொருத்தமாக இருக்கட்டும் என்று. ஒரு மனிதனின் தொண்டையை இவள் உண்டாக்கி அந்தக் குடோனுக்குள் அனுப்பினாள்.

இல்லை, அப்படி இல்லை, அவசரப்படாதே. பையனுங்க என்றால் பையன்களாகவும் இருக்கலாம். இந்த ஊரில் பன்மைக்கும் அதே வால்தானே. காலேஜ் பையனுங்க என்று டீக்கடையில் சொன்னால் நாலு பேர்தானே வருகிறார்கள். அப்படியென்றால் இவள் எழுதியது சரி. சரியாகவும் இருக்கலாம். இருக்கலாம் என்பதில் பாதி மூச்சு உள்ளே போயிற்று, பாதி போகவில்லை. இருக்கலாம் என்றால் ஏன் அடியில் ஒரு குறிப்புப் போடவில்லை, இந்தச் சொல் ஒருமையாகவும் கொள்ளத்தக்கது என்று ஒரு வரி. போட்டிருந்தால் அந்த இரட்டைக் கொக்கியின் அழகு போயிருக்கும். பெரியவன் அப்பீலுக்கு என்று போன இங்கிலீஷ் காகிதத்தை ஆறுச்சாமி மனைவியின் வக்கீல் படித்தார், இரண்டு குரல் என்று இருக்கிறதே, சின்னவனை எப்படி விட்டார்கள் என்று அவரும் ஒரு மனுப் போட்டார். இரண்டும் சேர்த்து விசாரித்தார்கள். நேற்றுச் சாயங்காலம் அந்த வக்கீலின் குமாஸ்தா சதாசிவம் ராத்திரி ரயிலுக்குக் கிளம்புமுன் ஆபீஸ் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார். "நாளைக்குக் களத்துக் கேஸு தீர்ப்புங்க மேடம். சின்னவனுக்கும் கெட்டியா வரும்னு பேசிக்கறாங்க. எல்லாம் உங்க டிரான்ஸ்லேஷன் புண்ணியங்க." புண்ணியங்க. அப்போதும் காதில் விழவில்லை. சிரித்துக்கொண்டு, அப்படியா என்றாள். வீட்டுக்குப் போய் ரசம் வைத்தாள், தூங்கினாள், நன்றாகத் தூங்கினாள்.

சின்னவனை ஒருமுறை பார்த்திருக்கிறாள். பத்தாம் வகுப்புச் சான்றிதழை வழக்கில் வாங்கி வைத்திருந்தார்கள், அதைத் திருப்பி வாங்க வந்தான். ஒல்லி, சட்டையில் இஸ்திரி மடிப்பு, நெற்றியில் திருநீறு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. பதிவேட்டைத் திருப்பி வைத்து, "தேதி எங்க போடணுங்க மேடம்?" என்று கேட்டான். பேனா பிடித்த விரல் லேசாக நடுங்கிற்று. கொலை செய்தவன் விரலும் நடுங்கும், செய்யாதவன் விரலும் நடுங்கும், கோர்ட்டுக்குள் வந்தால் எல்லா விரலும் நடுங்கும், அதை வைத்து என்ன சொல்ல முடியும். கையெழுத்து மட்டும் நினைவிருக்கிறது, சின்னப் பிள்ளையின் எழுத்து மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. மணி ஒன்பதே கால். மேல் கோர்ட்டு பத்தரைக்கு உட்காரும். முந்நூறு மைலுக்கு அப்பால் இப்போது யாரோ அந்தத் தீர்ப்புக் காகிதத்தில் கையெழுத்து வாங்குவதற்காக ஃபைலை எடுத்துக்கொண்டு நடப்பார், பளிங்குத் தரையில் செருப்புச் சத்தம். போனை எடுத்தாள். தலைமை எழுத்தர் திருமூர்த்தி மூன்றாவது மணியில் எடுத்தார். "சார், களத்துக் கேஸுல ஒரு சந்தேகம்." "தீர்ப்பு அன்னிக்கு என்னங்க சந்தேகம்?" "பாவாத்தா சாட்சியத்துல ஒரு வார்த்தை. நான் தப்பா எழுதியிருக்கலாம்." அந்தப் பக்கம் டம்ளரை மேஜையில் வைக்கிற ஒலி கேட்டது. "போன்ல இதெல்லாம் பேசப்படாதுங்க. வாங்க." வைத்துவிட்டார். முன் சீட்டுப் பெண் இப்போது சிறுமியை மடியில் இழுத்து உட்கார வைத்து ரிப்பனைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளை. எத்தனை தடவை பார்த்தாலும் ஒரு பிள்ளை.

கோர்ட்டு வாசலில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துப் பெஞ்சில் ஆறுச்சாமியின் மனைவி சுலோச்சனா உட்கார்ந்திருந்தாள். மேல் கோர்ட்டில் வாய்தா இருக்கிற நாளெல்லாம் அவள் இங்கேதான் வருவாள். அவ்வளவு தூரம் போக முடியாது, இங்கே இருந்தால் சேதி முதலில் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யாரையும் எதுவும் கேட்க மாட்டாள். மங்கையைக் கண்டதும் எழுந்து நின்றாள், எப்போதும் நிற்பதுதான், அப்புறம் உட்கார்ந்துகொண்டாள். மங்கை அவளைப் பார்க்காதவள்போல நடந்தாள். உள்ளே போய்க் கைப்பையை வைக்காமலே அலமாரியைத் திறந்தாள், நாடாவை அவிழ்க்க வரவில்லை, நகத்தால் கீறி அவிழ்த்தாள், ஐம்பத்தேழாம் பக்கம். திருமூர்த்தி மூக்குக்கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு வந்தார். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இந்தப் பக்கம்தான் அவர். "எந்த வரிங்க?" இவள் விரலை வைத்தாள். அவர் சத்தமாகப் படித்தார், பேப்பர் படிக்கிற மாதிரி. "மொதலாளி பையனுங்க சத்தந்தானுங்க கேட்டுச்சு. இதுல என்னங்க? மொதலாளி பையன் சத்தம் கேட்டுதுன்னு சொல்றா." சொல்லி முடித்த பிறகுதான் அவர் வாய்க்குள் இருந்தது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். அந்த ங்க அவர் வாயில் எடையே இல்லாமல், கதவைச் சாத்தாமல் போகிறவர் மாதிரி, சும்மா கடந்து போயிற்று. இவள் வாயில் அது எப்போதும் ஒரு கூட்டமாக நின்றது. "எத்தனை பையன் சார்?" என்றாள். அவர் மறுபடி படித்தார். மூன்றாவது தடவை உதடு மட்டும் அசைந்தது.

"என்ற வாயில ஒருத்தருன்னுதான் வருதுங்க," என்றார் கடைசியில். "ஆனா ரெண்டு பேருன்னாலும் நாங்க இப்படியேதான் சொல்லுவோம். கேக்கறவங்களுக்குத் தெரியும். அந்த ஜட்ஜய்யா பொள்ளாச்சிப் பக்கத்துக்காரருங்க, அவருக்குத் தெரிஞ்சிருக்கும்." "பாவாத்தாளையே கேட்டுட்டா?" கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டாள். சாட்சியை ஆபீஸ் ஆள் போய்ப் பார்ப்பது எப்பேர்ப்பட்ட குற்றம் என்று தெரியும், இருந்தாலும் பஸ்ஸில் வரும்போது அந்தக் கிராமத்துக்குப் போகிற வழியெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்திருந்தாள். "அந்தம்மா போன ஐப்பசியில தவறிருச்சுங்க," என்றார் திருமூர்த்தி. அப்படியென்றால் இனிமேல் யாருக்கும் தெரியாது. அந்தச் சுவருக்கு அப்பால் ஒரு குரலா இரண்டு குரலா என்பது பாவாத்தாளோடு போய் எரிந்துவிட்டது, மிச்சம் இருப்பது இந்த வரியும் இவள் வைத்த கொக்கியும். அதனோடு கோத்திருந்த இங்கிலீஷ் பக்கத்தின் அடியில் இரண்டு கையெழுத்து இருந்தது. மொழிபெயர்த்தவர், இவள். ஒப்பிட்டவர், திருமூர்த்தி. இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தார்கள். அவர் அன்றைக்கு நூற்று நாற்பது பக்கத்தையும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரத்தில் ஒப்பிட்டார், படிக்கவில்லை, பக்கத்தைத் திருப்பித் திருப்பிக் கையெழுத்துப் போட்டார், எல்லோரும் அப்படித்தான். ஒரு பக்கம், இந்த ஒரு பக்கம் வாய்விட்டுப் படித்திருந்தால். மின்விசிறிக்குக் கீழே தாள்கள் படபடவென்று அடித்துக்கொண்டன, இவள் உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு நின்றாள், அமுக்காவிட்டால் எல்லாம் பறந்து வாசலுக்குப் போய் அந்தப் பெஞ்சில் விழும் என்பதுபோல.

கடிதம் எழுதலாம் என்று அவரேதான் சொன்னார். பத்து மணிக்குள் ஜட்ஜு ஐயாவின் கையெழுத்து வாங்கி மெயிலில் அனுப்பினால் பெஞ்சில் உட்காருமுன் பதிவாளர் கைக்குக் கிடைக்கும். அவள் உட்கார்ந்து இங்கிலீஷில் அடித்தாள். இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன சொல் ஒருமையாகவும் பன்மையாகவும் கொள்ளத்தக்கது, அது பன்மை என்று எழுதப்பட்டதற்குக் காரணம் மொழிபெயர்ப்பாளர்களின் கவனக்குறைவு. மொழிபெயர்ப்பாளர்களின் என்ற வார்த்தைக்கும் ஒரு எஸ் வந்தது, translators', எஸ்ஸுக்குப் பின்னால் கொக்கி. விரல் தானாகப் போய் வைத்தது, யோசிக்கவேயில்லை, இரண்டு பேர், பின்னால். திருமூர்த்தி தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்தவர் அங்கே வந்ததும் நின்றார். "இது எத்தனை பேருங்க?" "ரெண்டு பேர் சார். நான் எழுதினேன். நீங்க ஒப்பிட்டீங்க." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு இன்னும் ஏழு மாசம்தானுங்க சர்வீஸு. பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கேன். நீங்க அதை முன்னால கொண்டாந்தீங்கன்னா இந்த நிமிசமே ஐயா ரூமுக்கு எடுத்துட்டுப் போறேன். பின்னாலயே இருந்தா நான் கொஞ்சம் யோசிக்கணுமுங்க." கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை, வாடகை வீட்டுக்காரர் ஒரு நிபந்தனை சொல்வதுபோலச் சொன்னார். சுவர்க் கடிகாரத்தில் பத்தாக மூன்று நிமிஷம். அவளுக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. சின்னவனின் எழுத்து ஒவ்வொன்றும் தனியாக நின்றதுதான் வந்தது. ஒருவன்தானா இருவரா என்று யாரும் கேட்காமலே எழுதலாம் என்று இவள் பழக்கிவிட்டாளே, இப்போது தன் முறை. அழித்தாள். கொக்கி எஸ்ஸுக்கு முன்னால் வந்தது. மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவு. பார்ப்பதற்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை, தூசி இடம் மாறியதுபோல இருந்தது. திருமூர்த்தி தாளை எடுத்துக்கொண்டு ஓடாத குறையாகப் போனார். பத்தே காலுக்கு மெயில் போயிற்று.

அப்புறம் நேரம் நகரவில்லை. வேறு ஒரு ஃபைலைப் பிரித்து வைத்துக்கொண்டாள், ஒரு பாகப்பிரிவினை, சகோதரிகளின் கிணறு என்று வந்தது, சகோதரியின் கிணறா சகோதரிகளின் கிணறா என்று பார்த்தாள், நான்கு தடவை பார்த்தாள், விரல் விசைக்கு மேலே நின்றது, இறங்கவில்லை. இனிமேல் இப்படித்தானா. இதுவரை எழுதியதில் எத்தனை இருக்கும், ஒன்றரை வருஷம், எத்தனை கிழவிகள், எத்தனை ங்க, ஆளுங்க, அண்ணனுங்க, போலீசுங்க, ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் இரண்டாகியிருப்பார், இரண்டு பேர் மூன்றாகியிருப்பார்கள். இல்லாத ஆட்கள் எத்தனை பேர் இவள் கையால் காகிதத்துக்குள் நடமாடுகிறார்கள். சின்னவன் பிழைத்துவிடுவான் என்று சொல்லிப் பார்த்தாள். பிழைத்தால் போதும். மெமோ வரும், விசாரணை வரும், தகுதிகாண் பருவம் இன்னும் முடியவில்லை, ஊருக்கே திரும்பிப் போகச் சொன்னாலும் சொல்வார்கள், பரவாயில்லை, குத்தாலத்தில் புள்ளைங்க என்றால் புள்ளைங்கதான். ஜன்னல் வழியாகப் பெஞ்சின் ஒரு நுனி தெரிந்தது, சுலோச்சனாவின் செருப்பு தெரிந்தது. குதிகாலில் ஊக்குக் குத்தி வைத்த செருப்பு. அவள் அங்கே உட்கார்ந்திருப்பதே ஏதோ வரப்போகிறது என்பதுபோல இருந்தது. பதினொன்றே முக்காலுக்குச் சதாசிவம் மேல் கோர்ட்டு வராந்தாவிலிருந்து போன் செய்தார், பின்னால் ஒரே இரைச்சல்.

"என்னங்க மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க," என்றார் அவர். குரலில் கோபம்கூட இல்லை, அசந்துபோன குரல். கடிதத்தைப் பெஞ்சில் வாசித்தார்களாம். தீர்ப்புச் சொல்லவில்லை. ஒரு வரி தப்பென்றால் மற்ற வரியெல்லாம் சரி என்று எப்படி நம்புவது என்று பெரியவன் வக்கீல் எழுந்து கேட்டாராம், அந்தக் கிழவி சொன்னதில் எது அவள் சொன்னது எது ஆபீஸ் சொன்னது என்று கேட்டாராம். நூற்று நாற்பது பக்கத்தையும் வேறு ஆளை வைத்து முதலிலிருந்து மொழிபெயர்க்க உத்தரவு. "அதுவரைக்கும் சின்னவன் பேச்சே கெடையாதுங்க. பெரியவனுக்கு ஜாமீன் குடுத்துட்டாங்க." மங்கை, "பெரியவனுக்கா?" என்றாள். "ஆமாங்க. ஆயுள் தண்டனைக்காரன் மூணு வருசமா உள்ள இருக்கான், இன்னும் எத்தனை வருசம் காகிதத்துக்காகக் காத்திருக்கறதுன்னு கேட்டாங்க. குடுத்துட்டாங்க." வைத்துவிட்டார். பெரியவன் குரலில் யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை. அந்த வரியில் ஒருமையாக எடுத்தாலும் அவன் இருந்தான், பன்மையாக எடுத்தாலும் இருந்தான். இவள் சின்னவனை அந்த வரியிலிருந்து வெளியே எடுக்கப் போய்க் கதவைத் திறந்தாள், கதவுக்குள்ளிருந்து பெரியவன் வருகிறான். எங்கே தப்பு. அன்றைக்கு வைத்ததா, இன்றைக்கு எடுத்ததா. இரண்டும்தானா. யோசனை அங்கே போய்ப் போய் முட்டித் திரும்பி வந்தது, ஜன்னலில் செருப்பு மட்டும் தெரிந்தது. யாராவது அவளிடம் போய்ச் சொல்வார்கள், குமாஸ்தாக்களில் ஒருவர், சிரித்துக்கொண்டே சொன்னாலும் சொல்வார். எழுந்தாள். வாசலுக்கு நடந்தாள்.

சுலோச்சனா எழுந்து நின்று கேட்டுக்கொண்டாள். மங்கை எதையும் மறைக்கவில்லை, கொக்கி என்றெல்லாம் சொல்லவில்லை, ஒருவர் என்று இருந்ததை இரண்டு பேர் என்று எழுதிவிட்டேன், இன்றைக்கு அதைச் சொல்லிவிட்டேன், அதனால் இப்படி ஆகிவிட்டது என்றாள். சொல்லச் சொல்ல வெயிலில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, சொட்டுக்கு நடுவில் நிறைய நேரம் இருந்தது. "ஒருத்தருதானுங்க," என்றாள் சுலோச்சனா. "பாவாத்தக்கா எங்கிட்டச் சொல்லியிருக்குதுங்க. பெரியவரு சத்தம்தான். சின்னவரு அன்னிக்குச் சந்தைக்குப் போயிருந்தாருங்க." அவ்வளவு சுலபமாக, குழாயடியில், ஒன்றரை வருஷமாக அது இங்கே இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறது. "தெரிஞ்சுமா மனுப் போட்டீங்க?" என்று கேட்டாள், குற்றம் சாட்டுவதற்காக இல்லை, கேட்கத்தான் முடிந்தது. சுலோச்சனா முந்தானையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டாள். "வக்கீலய்யா, இங்கிலீசுல ரெண்டு பேருன்னு இருக்குது, கோர்ட்டே எழுதியிருக்குதுன்னாருங்க. கோர்ட்டு எழுதுனா நான் என்னங்க சொல்றது. ரெண்டு பேரும் உள்ள இருந்தா அந்தக் களத்தைத் தாண்டிப் புள்ளையப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம்னு நெனச்சனுங்க. களத்துக்கு எதுத்தாப்பலதானுங்க எங்க வீடு." அவள் அழுவாள் என்று மங்கை காத்திருந்தாள், திட்டுவாள் என்று காத்திருந்தாள், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றிற்று. சுலோச்சனா பெஞ்சிலிருந்த மஞ்சள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள், அப்புறம் இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். இங்கிருந்து அவள் ஊருக்கு ஒன்றரை மணி நேரம், ஜெயிலிலிருந்தும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும், உத்தரவு போய்ச் சேர்ந்து ஜாமீன்தாரர் கையெழுத்தாகி, இன்றைக்கு முடியாது, நாளைக்கு முடியலாம், நாளன்றைக்கு நிச்சயம் என்று மங்கையின் மனம் யாரும் கேட்காமலே கணக்குப் போட்டது. "அப்ப பெரியவரு ஊருக்கு வந்துருவாருங்களா?" என்று சுலோச்சனா கேட்டாள். தாழ்ந்த குரலில், களத்தில் யாரோ காது கொடுத்து நிற்பதுபோல. மங்கைக்கு ஆமாம் என்ற சொல் வரவில்லை, வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். வாயைத் திறந்தபோது, ஒன்றரை வருஷமாகக் காதால் மட்டும் கேட்டுவந்த பேச்சு அவள் நாக்கில் ஏறியிருந்தது.

"வருவாருங்க," என்றாள்.